சில்வர் பிளஃப் சபையைப் பற்றி நாம் கேட்க வேண்டியது எந்த ஆண்டு என்பதல்ல

அமெரிக்காவின் தென் கரோலினாவில், சவன்னா ஆற்றங்கரையில், சில்வர் பிளஃப் என்று ஓர் இடம். அங்கே அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள் 1773-க்கும் 1775-க்கும் இடையில் ஒரு பாப்டிஸ்ட் சபையாகக் கூடினார்கள். அமெரிக்காவின் முதல் கறுப்பினச் சபை இதுதானா என்ற வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. சபையின் மூலைக்கல் 1750 என்கிறது, ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. வர்ஜீனியாவின் பீட்டர்ஸ்பர்க், ஜார்ஜியாவின் சவன்னா, ஆகஸ்டா என்று மற்றச் சபைகளும் தங்களுக்கே முதலிடம் கேட்கின்றன. இந்தச் சபையைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் பேச்சு முழுக்கத் தொடங்கிய ஆண்டிலேயே நின்றுவிடுகிறது. எனக்கு அதில்தான் ஆதங்கம். அந்த மக்கள் செய்ததும் பட்டதும் அல்லவா சபையின் வரலாறு?

அதைச் சொல்ல ஒரு சாட்சி இருக்கிறது. பெயர் டேவிட் ஜார்ஜ். வர்ஜீனியாவில், ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட தாய் தகப்பனுக்குப் பிறந்தவர். தாயைச் சவுக்கால் அடிப்பதைக் கண்ணால் பார்த்தவர். எஜமானின் கொடுமை தாங்காமல் தப்பி ஓடி, பூர்வகுடிகளிடம் பிடிபட்டு, கடைசியில் சில்வர் பிளஃபில் ஜார்ஜ் கால்ஃபின் என்ற மான்தோல் வியாபாரியிடம் வந்து சேர்ந்தார். ஜார்ஜ் லைல் என்ற இன்னொரு அடிமை அங்கே வந்து சோளக்கொல்லையில் நின்று பிரசங்கம் செய்தார். பிறகு பாமர் என்ற வெள்ளைக்காரப் போதகர் வந்தார். ஒரு சனிக்கிழமை மாலை அவரவர் சாட்சியைக் கேட்டார், மறுநாள் மாவு மில்லுக்குத் தண்ணீர் போகும் ஓடையில் அவர்களை மூழ்கி எடுத்து ஞானஸ்நானம் கொடுத்தார். டேவிட் ஜார்ஜ் கணக்கில் எட்டுப் பேர். ஒருவர் அவர் மனைவி, இன்னொருவர் ஜெஸ்ஸி. அவ்வளவுதான், சபை உருவாகிவிட்டது, கர்த்தருடைய பந்தியும் பரிமாறப்பட்டது.

பாப்டிஸ்ட் மரபின் பலம் எனக்கு இங்கேதான் தெரிகிறது. விசுவாசித்து ஞானஸ்நானம் பெற்ற சிலர் உடன்பட்டுக் கூடினால் அது முழுச் சபை. மேலே ஒரு பிஷப் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. சட்டத்தின் கண்ணில் மாடு, நிலம் போலச் சொத்தாக இருந்த எட்டுப் பேர், அந்த ஓடைக்கரையில் தங்களுக்குள் முடிவெடுக்கும் ஒரு கூட்டமாக ஆனார்கள். அந்தக் காலத்தில் அந்த மண்ணில் இது எவ்வளவு பெரிய காரியம்!

பெரியது என்று எஜமான்களுக்கும் தெரிந்திருந்தது. ஆங்கிலேய அரசை எதிர்க்கும் எஜமான்களை விட்டு ஆங்கிலேயர் பக்கம் வரும் அடிமைகளுக்கு விடுதலை என்று 1775-இல் வர்ஜீனியாவின் ஆங்கிலேய ஆளுநர் டன்மோர் அறிவித்திருந்தார். அமெரிக்க விடுதலைப் போர் மூண்டதும் வெளியூர்ப் போதகர்கள் சில்வர் பிளஃபுக்கு வர அனுமதி நின்றது. அடிமைகளுக்கு அதிகம் தெரிந்துவிடும் என்ற பயம்தான் காரணம் என்று டேவிட் ஜார்ஜே சொல்கிறார். ஆக, சபையை மேய்க்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. அவருக்கோ எழுத்துத் தெரியாது. ஓர் எழுத்துப் பாடப் புத்தகத்தைத் தேடிப் பிடித்து, வெள்ளைக்காரச் சிறுபிள்ளைகளிடம் பாடம் கேட்டு, தனியே படித்துப் பார்த்து, மறுபடி போய் அவர்களிடமே சரிதானா என்று ஒப்பிப்பார். தூக்கத்திலும் அதே நினைப்பு. அப்படிக் கற்றுத்தான் வேதத்தை வாசித்தார். சபை முப்பது பேருக்கு மேல் வளர்ந்தது.

கால்ஃபின் நல்லவர், சபை நடத்த விட்டாரே என்று சிலர் எழுதுகிறார்கள். தன்னிடம் அன்பாக இருந்தார் என்று டேவிட் ஜார்ஜும் சொல்கிறார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1778 கடைசியில் சவன்னா நகரம் ஆங்கிலேயர் கைக்கு வந்து, கால்ஃபின் பயந்து வீட்டை விட்டு விலகியபோது என்ன நடந்தது? டேவிட் ஜார்ஜும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும், கூடவே ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களும் கிளம்பி ஆங்கிலேயப் படையிடம் போய்விட்டார்கள். நல்ல எஜமான் என்ற பேச்சுக்கு அந்த மக்களே கொடுத்த பதில் அது. இதற்குப் பிறகும் அந்தச் சபையின் பெருமையைக் கால்ஃபினுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியாது.

அதற்குப் பிறகு டேவிட் ஜார்ஜ் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆங்கிலேயரோடு கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குப் போய், ஷெல்பர்ன் ஊரில் சபை கட்டினார். 1784-இல் படையிலிருந்து விடுபட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள் கூட்டமாக வந்து அவர் வீட்டைக் கவிழ்த்தார்கள், அவரைத் தடியால் அடித்துச் சதுப்பு நிலத்துக்குள் விரட்டினார்கள். 1792-இல் ஏறத்தாழ 1,200 பேரோடு பதினைந்து கப்பல்களில் ஆப்பிரிக்காவின் சியரா லியோன் போனார், ஃப்ரீடவுனில் மறுபடியும் ஒரு சபை. ஜார்ஜ் லைல் ஜமைக்காவில் சபை நிறுவினார். இங்கிலாந்து பாப்டிஸ்ட் மிஷனரி வில்லியம் கேரி வங்காளத்தில் வந்திறங்கியது 1793-இல். அதற்குச் சுமார் பத்து வருடம் முன்பே, அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒரு கறுப்பினப் போதகர் கடல் கடந்துபோய் ஊழியம் தொடங்கிவிட்டார். நம் சபைகளில் கேரியின் பெயர் தெரியாத பிள்ளை குறைவு. லைலின் பெயரை எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம்?

நாட்டை விட்டுப் போகாத ஜெஸ்ஸி, போருக்குப் பிறகு சில்வர் பிளஃபில் மறுபடி ஆட்களைக் கூட்டினார். பிறகு ஆகஸ்டாவில் ஸ்பிரிங்ஃபீல்டு சபையை மேய்த்தவரும் அவரே. 1867-இல் அந்த ஸ்பிரிங்ஃபீல்டு ஆலயத்தில்தான், விடுதலையான அடிமைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கியது. மார்ட்டின் லூதர் கிங் படித்த மோர்ஹவுஸ் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். சில்வர் பிளஃபும் ஆகஸ்டாவும் முதலிடத்துக்காக மோதிக்கொள்ளும்போது, இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் இந்த ஒரே ஜெஸ்ஸி. இதில் யார் யாரை ஜெயிப்பது?

டேவிட் ஜார்ஜ் இங்கிலாந்து போயிருந்தபோது வாயால் சொன்ன இந்தச் சாட்சியை, அங்கிருந்த பாப்டிஸ்ட் போதகர்கள் கேட்டு எழுதி அச்சிட்டார்கள். சில பக்கங்கள்தான், ஆங்கிலத்தில் இணையத்தில் கிடைக்கிறது. யாராவது இதைத் தமிழில் கொண்டுவந்தால், வேதபாடசாலை மாணவர்களுக்குச் சபை வரலாற்று வகுப்பில் முதல் வாரமே அதைக் கொடுக்க வேண்டும் என்பது என் விருப்பம். மொழிபெயர்க்க முன்வருகிறவர்கள் சொல்லுங்கள், சரிபார்க்க நான் உட்காருகிறேன்.