அது கொடுப்பினை இல்லை

அந்த இரங்கல் பதிவுக்குக் கீழே நேற்று நடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். பார்க்காதவர்களுக்கு: மனைவி போன நாற்பத்தோராம் நாள் கணவரும் போய்விட்டார், அவருக்கான பதிவு அது. உடனே வரிசையாக, "கொடுத்து வைத்தவர்", "அன்றில் பறவைகள்", "இதுதான்யா அன்பு". நான் ஒரே ஒரு வரி எழுதினேன்: இது கொடுப்பினை இல்லை, அவரை யாராவது கவனித்திருக்க வேண்டும். அதற்குக் கிடைத்த பெயர், கல்நெஞ்சக்காரி.

சரி. திரும்பவும் சொல்கிறேன், அது கொடுப்பினை இல்லை.

இங்கிலாந்தில் மனைவியை இழந்த, 55 வயதைத் தாண்டிய 4,486 ஆண்களை ஒன்பது வருடம் பின்தொடர்ந்து பார்த்து 1969-இல் ஓர் ஆய்வு வந்தது. முதல் ஆறு மாதத்திலேயே 213 பேர் இறந்திருந்தார்கள். அதே வயதில் மனைவியோடு இருப்பவர்களைவிட 40 சதவீதம் அதிகம். பெரும்பாலும் இதய நோய். ஆறு மாதம் தாண்டினால் அந்த அதிகப்படி மெல்ல மெல்லக் குறைந்து மற்றவர்கள் அளவுக்கு வந்துவிடுகிறது. அதாவது தாண்டவைக்க முடியும். எனக்கு வயிறு எரிவதே அதனால்தான்.

என் அப்பாவுக்கு சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. எந்த மாத்திரை எப்போது என்று அவருக்குத் தெரியாது. அம்மா ஒவ்வொரு அட்டையின் பின்பக்கமும் பேனாவால் 'கா', 'ரா' என்று எழுதிவைப்பாள். காலை, ராத்திரி. அம்மா போனாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உறவெல்லாம் கிளம்பியது, நானும் பெங்களூருக்கு பஸ் ஏறினேன். தினமும் போன் பண்ணுவேன். "சாப்டீங்களாப்பா?" "ஆச்சும்மா." "மாத்திரை?" "ஆச்சு, ஆச்சு."

நடுவில் ஒருநாள் நெஞ்சு பிசைகிறது என்று டாக்டரிடம் போயிருக்கிறார். துக்கம்தான், நன்றாகத் தூங்குங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஈசிஜி எடுக்கவில்லை. துக்கமாகவே இருக்கட்டும், துக்கம் நெஞ்சைத் தொடாதா? ஜப்பான் மருத்துவர்கள் 1990-லேயே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள், டகோட்சுபோ. பேரதிர்ச்சியில் இதயத்தின் ஒரு பகுதி துடிக்க முடியாமல் உப்பிவிடுகிறது, ஆக்டோபஸ் பிடிக்கிற பானை மாதிரி. மாரடைப்பு போலவே வலிக்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் மிக அதிகம். ஆஸ்பத்திரிக்குப் போனால் பெரும்பாலானோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். "அழுதழுது நெஞ்சு வலிக்குது" என்று அத்தை சொன்னால் சோடா வாங்கிக் கொடுக்காதீர்கள்.

ஏழாவது மாதம் அப்பா போனார். பக்கவாதம். எல்லோரும் சொன்னார்கள், "மகராசி கூட்டிக்கிட்டா." அம்மா அப்படிக் கூட்டிக்கொள்கிறவளா? அந்த மனுஷன் ஒரு வேளை மாத்திரையைத் தவறவிட்டால் வீட்டை இரண்டாக்குகிறவள் அவள்.

ஆறுதலுக்குத்தானே சொல்கிறோம் என்கிறீர்கள். யாருக்கு ஆறுதல்? எட்டிப் பார்க்காத நமக்கு. என்னையும் சேர்த்துத்தான். சமைக்கவும் மாத்திரை எடுக்கவும் தெரியாமல் ஆண்களை வளர்த்தது யார் என்று ஒரு தோழி கேட்டாள், அது நியாயம். விதி முடிந்தது என்று எழுதிய அண்ணனுக்கு என்னிடம் பதில் இல்லை. அவர் வீட்டில் அம்மா, அப்பா இரண்டு பேரும் இன்னும் இருக்கிறார்கள்.

அப்பாவின் மேஜை டிராயரில் சர்க்கரை மாத்திரை இரண்டு அட்டை பிரிக்காமலே கிடந்தது. பின்பக்கம் ஒன்றும் எழுதவில்லை. அதற்கு அடியில் ஒரு காலி அட்டை. 'ரா' என்று அம்மா கையெழுத்து. அதைத் தூக்கிப்போட அவருக்கு மனசு வரவில்லை.

போன மாதம் எங்கள் மாமி தவறிவிட்டார். இப்போது தினமும் ராத்திரி மாமாவுக்கு போன் பண்ணுகிறேன். சாப்பிட்டீர்களா என்று கேட்பதில்லை. அட்டையைக் கையில் எடுங்கள் மாமா, இன்னும் எத்தனை மிச்சம் இருக்கிறது, எண்ணிச் சொல்லுங்கள் என்கிறேன். எண்ணுகிறார்.