ஆடு மேய்ந்த மலையும் மிச்சமிருக்கும் மழைக்காடும்

இங்கிலாந்தின் வடமேற்கே இருக்கும் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதிக்குப் போய்வந்தவர்கள் போடும் படங்களுக்குக் கீழே "இயற்கைன்னா இதுதான்யா", "மனுஷன் கை படாத இடம்" என்று கருத்துகள் வரிசையாக விழும்போதெல்லாம் எனக்குக் கை துறுதுறுக்கும். ஆசையாகப் போட்ட படத்தில் போய் வம்பு வளர்ப்பானேன் என்று ஒரு லைக் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். இந்த முறை எழுதியே விடுகிறேன். அந்தப் படத்தில் மொழுமொழுவென்று பச்சையாகத் தெரிகிற மலை இருக்கிறதே, அது மனிதன் கையும் செம்மறி ஆட்டின் வாயும் நூற்றாண்டுக் கணக்கில் விடாமல் பட்ட இடம். உச்சிகளையும் சதுப்புகளையும் விட்டுவிட்டுப் பார்த்தால் அந்தச் சரிவுகளில் பெரும்பகுதி ஒரு காலத்தில் காடு. மிச்சமிருக்கும் காட்டைப் பார்க்க வேண்டுமென்றால் பாரோடேல் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும்.

கெஸ்விக் ஊரில் 78ஆம் எண் பஸ் ஏறினால் டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கரையை ஒட்டியே தெற்கே போகும். ஏரி முடிந்து, இரண்டு பக்கமும் மலை நெருங்கி வந்து, இதற்கு மேல் வழி இல்லையோ என்று நினைக்கும் இடத்தில் உள்ளே நுழையும். கிரேஞ்ச், ரோஸ்த்வெய்ட், சீட்டாலர் என்று விரல் விட்டு எண்ணக்கூடிய வீடுகள் உள்ள ஊர்கள். அதற்கும் மேலே சீத்வெய்ட் என்று ஒரு பண்ணை. இங்கிலாந்தில் மக்கள் குடியிருக்கும் இடங்களில் அதிகம் மழை பெய்யும் இடம் என்று பெயர் வாங்கியது. வருடத்துக்கு 3,300 மில்லிமீட்டருக்கு மேல். லண்டனுக்கு 600 சொச்சம்தான். லண்டனில் உட்கார்ந்துகொண்டு மழை மழை என்று புலம்புகிறவர்கள் இங்கே ஒரு நவம்பர் இருந்து பார்க்கலாம்.

இத்தனை மழை பெய்தால் மழைக்காடு வராமல் எப்படி? அமேசான் மாதிரி வெப்ப நாட்டுக் காடு இல்லை, குளிர்ப் பிரதேசத்து மழைக்காடு. ஓக், பிர்ச், ரோவன், ஹேசல், ஆஷ் மரங்கள். ஆனால் மரத்தைவிட மரத்தின் மேல் இருப்பதுதான் இங்கே விசேஷம். பாறை, வேர், அடிமரம், கிளை நுனி என்று எங்கே பார்த்தாலும் பாசி. பட்டுப்போன கிளையில்கூடப் பெரணி முளைத்திருக்கும். பாறை இடுக்கில் ஒரு குட்டிப் பெரணி இருக்கிறது, இலை ஒரே ஒரு செல் தடிமன்தான், பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியும். காற்றில் ஈரம் குறைந்தால் அதற்குப் பிழைப்பே இல்லை. அப்புறம் நம் பிரியாணியில் போடுகிறோமே கல்பாசி, அந்த இனத்தைச் சேர்ந்த லைக்கன் வகைகள் நிறைய. அதில் ஒன்று, நுரையீரலைப் போல மேடும் பள்ளமுமாக, உள்ளங்கை அகலத்துக்கு மரத்தில் தொங்கும். காற்று சுத்தமாக இருந்தால்தான் அது இருக்கும். பிரிட்டனில் ஐந்தில் ஒரு பங்கு நிலம் இப்படிப்பட்ட காட்டுக்கு ஏற்றது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இன்று காடாக இருப்பது 1 சதவீதத்துக்கும் கீழே.

சரி, மீதி எங்கே போனது?

கற்காலத்திலேயே கோடரி இறங்கிவிட்டது, அதைப் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. எழுத்தில் இருக்கும் கதை 1209இல் ஆரம்பிக்கிறது. ஃபர்னஸ் மடத்துத் துறவிகள் இந்தப் பள்ளத்தாக்கின் பெரும்பகுதியை விலைக்கு வாங்கினார்கள். பக்கத்தில் ஃபவுன்டன்ஸ் மடத்துக்கும் நிலம் உண்டு. ஸ்டோன்த்வெய்ட்டில் இருந்த ஒரு மாட்டுப்பண்ணை யாருக்கு என்று இரண்டு மடத்துக்கும் சண்டை வந்து, முதலாம் எட்வர்ட் மன்னர் அதைப் பிடுங்கி, 1304இல் 40 ஷில்லிங்குக்கு ஃபவுன்டன்ஸ் மடத்துக்கே விற்றார். உலகைத் துறந்தவர்கள் மாட்டுக்கொட்டகைக்கு மல்லுக்கட்டிய கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். துறவிகளின் வருமானம் கம்பளியில்தான் இருந்தது, ஆகவே ஆடு பெருகியது.

அதற்கு அப்புறம் ஜெர்மானியர்கள். முதலாம் எலிசபெத் காலத்தில், 1564 வாக்கில், செம்பு வெட்ட அங்கிருந்து சுரங்க வேலைக்காரர்களை வரவழைத்தார்கள். கெஸ்விக்கில் உலை வந்தது. உலைக்குக் கரி வேண்டும், கரிக்கு மரம் வேண்டும். சுற்று வட்டாரக் காடுகளில் கரிமூட்டம் புகைந்துகொண்டே இருந்திருக்கும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கரிக்கு வெட்டியவன் வேரோடு பிடுங்கவில்லை. கரும்பு மறுதாம்பு மாதிரி அடியோடு வெட்டிவிட்டுத் துளிர்க்க விட்டான், பத்திருபது வருடம் கழித்துத் திரும்ப வந்து வெட்டினான். துளிரை ஆடு தின்றுவிடாமல் சுவர் வைத்துக் காத்தான். இன்றைக்கும் ஒரே அடியிலிருந்து நான்கைந்து தண்டு கிளம்பிய ஓக் மரங்களை அங்கே பார்க்கலாம்.

கரி என்றதும் இன்னொன்று. சீத்வெய்ட்டுக்கு மேலே உள்ள மலையில்தான் உலகத்திலேயே சுத்தமான கிராஃபைட் கட்டியாகக் கிடைத்தது. முதலில் ஆட்டுக்கு அடையாளம் போட, பிறகு பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சுக்குப் பூச, பிறகு பென்சிலுக்கு. அதைத் திருடினால் சிறை, நாடுகடத்தல் என்று 1752இல் நாடாளுமன்றமே சட்டம் போட்டது. அந்தச் சுரங்கத்துக்குக் கீழேதான் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் பாடிய நான்கு யூ மரங்கள் நின்றன. 1883 புயலில் ஒன்று சாய்ந்துவிட்டது, மூன்று இருக்கின்றன.

இப்போது என் பேச்சுக்கு வருகிறேன். பள்ளத்தாக்கில் வயதான ஆஷ் மரங்கள் நிறைய உண்டு, ஆள் உயரத்துக்கு மேலே மொட்டையடிக்கப்பட்டு, குண்டுத் தலையிலிருந்து கிளை விட்டவை. எதற்கு? ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட. புல் இல்லாத காலத்தில் மரம்தான் ஆட்டைக் காப்பாற்றியது, ஆகவே ஆட்டுக்காரன் மரத்தைக் காப்பாற்றினான். ஆடு வளர்ப்பது என்றாலே காட்டை அழிப்பது என்று இன்று சில பேர் எழுதுகிறார்கள். அந்த மொட்டை மரங்களைப் பார்த்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள்.

கெடுத்தது எண்ணிக்கை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் உணவுப் பற்றாக்குறை பயத்தில் அரசாங்கம் மலை ஆடுகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தது. தலைக்குப் பணம் என்றால் எவனும் தலையைக் கூட்டத்தானே பார்ப்பான்? இந்த நூற்றாண்டின் தொடக்கம் வரை இதே கதை. விளைவை ஒரு சுவர் ஓரத்தில் நின்று பார்த்தாலே போதும். சாந்து இல்லாமல் அடுக்கிய கல்சுவர். ஒரு பக்கம் இடுப்பளவு ரோவன் கன்று, ஹோலி, பில்பெரி செடி என்று புதர். மறுபக்கம் நாவிதர் மெஷின் ஓட்டியது போலப் புல். அதே மண், அதே மழை. புல்லுக்குள் குனிந்து பார்த்தால் ஓக் கன்று இருக்கும், இரண்டு இலை விட்டிருக்கும், அடுத்த வாரம் இருக்காது. ஆடு புகுந்த காட்டிலும் இதே நிலைமை. மேலே எல்லாம் கிழட்டு மரம், கீழே அடுத்த தலைமுறை இல்லை.

2017இல் லேக் டிஸ்ட்ரிக்ட்டுக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பட்டம் கிடைத்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் இந்த ஆட்டுப் பண்பாடும் ஒன்று. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் அதைக் காட்டியே "மலை இப்படித்தான் இருக்க வேண்டும், மரம் நட்டால் பாரம்பரியம் போய்விடும்" என்கிறார்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. எந்தப் பாரம்பரியம்? தழை ஒடித்துப் போட்டதா, தலைக்குப் பணம் வாங்கியதா? இன்று நாம் காணும் மொட்டை மலைக்குப் பாதிக் காரணம் நம் தாத்தா காலத்து மானியம். அதை மடத்துத் துறவிகள் தலையில் கட்டி, பழமை என்று பூஜை போடுவது எந்த ஊர் நியாயம்?

இது அழகு பற்றிய சண்டை மட்டும் என்றால் நானும் விட்டிருப்பேன். 2009 நவம்பரில் சீத்வெய்ட்டில் 24 மணி நேரத்தில் 316.4 மில்லிமீட்டர் கொட்டியது. டெர்வென்ட் ஆறு அந்தத் தண்ணீரையெல்லாம் வாரிக்கொண்டு கீழே போய் காக்கர்மவுத் ஊரின் கடைத்தெருவில் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. கெஸ்விக்கில் வெள்ளத் தடுப்புச் சுவர் கட்டினார்கள். 2015 டிசம்பரில் பக்கத்து ஹானிஸ்டர் கணவாயில் 341.4 மில்லிமீட்டர் பெய்தது, தண்ணீர் அந்தச் சுவரையும் தாண்டியது. ஆட்டுக் குளம்பு அழுத்தி இறுகிய புல்தரையில் மழை நிற்காது, ஓடும். மரமும் பாசியும் இருந்தால் வெள்ளமே வராது என்று சொல்லவில்லை, அந்த மாதிரி மழைக்கு எதுவும் தாங்காது. கொஞ்சம் மெதுவாக வரும். கடைக்காரனுக்குச் சரக்கை மாடிக்கு ஏற்ற அந்த அவகாசம் போதும்.

அதற்காக "ஆட்டை எல்லாம் ஓட்டிவிடு" கோஷ்டியோடும் நான் இல்லை. நகரத்தில் உட்கார்ந்து அதைச் சொல்வது சுலபம். ஹெர்ட்விக் ஆடுகளைப் பார்த்திருக்கிறீர்களா? குட்டி கறுப்பாகப் பிறக்கும், வளர வளரச் சாம்பல் நிறமாகும். வேலி இல்லாத மலையில் தன் எல்லை எது என்று தாயிடமிருந்து குட்டி கற்றுக்கொள்கிறது. ஒரு மந்தையை விற்றுவிட்டால் அந்த அறிவும் கூடவே போய்விடும், புதிதாக வாங்கிவிட்டால் மட்டும் திரும்பி வராது. 2001இல் கோமாரி வந்து மந்தைகளை இழந்தபோது பட்டது போதும். இன்று கம்பளி விற்ற காசு மயிர் கத்தரிக்கும் கூலிக்கே காணாது. போதாக்குறைக்கு, பழைய மானியத்தைக் குறைத்துக்கொண்டே வந்த அரசாங்கம், இயற்கைக்கு உகந்த விவசாயத்துக்குப் பணம் என்று சொன்ன புதிய திட்டத்தின் விண்ணப்பங்களை 2025 மார்ச்சில் திடீரென்று நிறுத்தியது. இப்படிப்பட்டவர்கள் பேச்சை நம்பி ஆட்டை விற்றுவிட்டு மரம் நட எவன் முன்வருவான்?

காட்டுக்கும் கொஞ்சம் மேய்ச்சல் தேவைதான். முழுக்க வேலி போட்டு அடைத்தால் ஹோலியும் முள்ளும் மண்டி, வெளிச்சம் கேட்கிற அந்தக் கல்பாசி இனங்களே செத்துப்போகும். மேற்கே என்னர்டேல் பள்ளத்தாக்கில் 2003இல் தொடங்கிய திட்டத்தில் ஆட்டைக் குறைத்து, பிறகு கேலோவே மாடுகளை விட்டிருக்கிறார்கள். மாடு ஒட்ட மேயாது, மிதித்து மண்ணைக் கிளறும், அதில் விதை பிடிக்கும். எனக்குத் தெரிந்து இதுதான் வழி. ஆட்டைக் குறைத்துக்கொள்ள ஆட்டுக்காரனுக்கே பணம் கொடு, இருபது முப்பது வருட ஒப்பந்தமாகக் கொடு.

டெர்வென்ட்வாட்டர் ஏரியின் மேற்குக் கரையில் பிராண்டெல்ஹோ என்ற காட்டை, இயற்கை இடங்களை வாங்கிக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு 1902இல் 6,500 பவுண்டுக்கு வாங்கியது, பொதுமக்களிடம் வசூலித்த பணத்தில். ஷெஃபீல்டு தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவர், தான் இனி அந்த ஏரிகளைப் பார்க்கப்போவதில்லை, மற்றவர்களாவது பார்க்கட்டும் என்று எழுதிப் பணம் அனுப்பியிருக்கிறார். 2024இல் பாரோடேல் மழைக்காட்டில் 720 ஹெக்டேரைத் தேசிய இயற்கைக் காப்பகமாக அறிவித்தார்கள். நல்ல காரியம். இருப்பதைக் காப்பதோடு நின்றுவிடாமல், காடு சுவரைத் தாண்டி மேலே ஏற விட வேண்டும்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெயில் நாளில் போகாதீர்கள். அந்த நுரையீரல் லைக்கன் காய்ந்து பழுப்பாக, காகிதம் மாதிரி சுருண்டு கிடக்கும், நனைந்தால்தான் பச்சை. காரை கெஸ்விக்கிலேயே விட்டுவிடுங்கள், உள்ளே ரோடு குறுகல். சீட்டாலரில் இறங்கி ஜானி வுட் வழியாக ரோஸ்த்வெய்ட்டுக்கு நடக்கலாம். ஆற்றோரம் ஓர் இடத்தில் பாறை வழுக்கும், பிடித்துக்கொள்ளச் சங்கிலி போட்டிருக்கிறார்கள், நல்ல ஷூ போடுங்கள். ஏப்ரல், மே என்றால் குட்டி போடும் காலம், நாயைக் கயிற்றிலேயே வைத்திருங்கள்.