பதிவெண் பலகை விதி 2019-இல் தோன்றியதன்று

வாகனங்களில் மாட்டும், போலி செய்ய முடியாதபடி பாதுகாப்பு அம்சங்கள் கொண்ட உயர் பாதுகாப்புப் பதிவெண் பலகை என்பது 2019-இல் மத்திய அரசு திடீரென்று திணித்த திட்டம் என்றும், நீதிமன்றங்களுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை என்றும், அது வெறும் அலுமினியத் தகடுதான் என்றும் சிலர் எழுதுவது தவறானது. மக்களை வீணாகக் குழப்பக்கூடியது.

மத்திய மோட்டார் வாகன விதிகளின் 50-ஆம் விதி இதற்காகத் திருத்தப்பட்ட ஆண்டு 2001. பலகைகளைத் தயாரித்து வழங்கும் ஒப்பந்தத்தின் நிபந்தனைகளை எதிர்த்த வழக்குகளை உச்ச நீதிமன்றம் 2004-இலேயே தள்ளுபடி செய்துவிட்டது. அதன் பிறகும் பல மாநிலங்கள் ஆண்டுக்கணக்கில் காலம் கடத்தியதால்தான் பயங்கரவாத எதிர்ப்பு அமைப்பொன்றின் தலைவர் மணிந்தர்ஜித் சிங் பிட்டா தொடுத்த பொதுநல வழக்கில் நீதிமன்றம் மீண்டும் மீண்டும் தலையிட நேர்ந்தது. 2011-இல் ஹரியானா போக்குவரத்துத் துறை அதிகாரிகள் நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டதையும், 2012 பிப்ரவரியில் இந்தத் திட்டத்தைச் செயல்படுத்த எல்லா மாநிலங்களுக்கும் காலக்கெடு விதிக்கப்பட்டதையும் மறைத்துவிட்டு இந்த வரலாற்றைச் சொல்லவே முடியாது. குடிமகன் தலைக்கவசம் அணியாவிட்டால் உடனே அபராதம் விதிக்கும் அரசு, தன் விதியைத் தானே பத்தாண்டுகள் கிடப்பில் போட்டது என்பதே என்னை வருத்துகிறது.

2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வாகனங்களுக்கு உற்பத்தியாளரே விற்பனையாளர் வழியாகப் பலகையைத் தர வேண்டும் என்பது மட்டுமே அந்த ஆண்டின் மாற்றம்.

'வெறும் அலுமினியத் தகடு' என்பதும் சரியன்று. இடப்புற மேல் மூலையில் அசோகச் சக்கர ஹோலோகிராம், அதன் கீழே லேசரால் பொறித்த தனி அடையாள எண், ஒருமுறை கழற்றினால் உடைந்துபோகும் பூட்டு ஆகியவை அதில் உள்ளன. திருடிய வண்டிக்கு வேறு பலகை மாட்டுவதைக் கடினமாக்கவே இவை வைக்கப்பட்டன.