கேள்வியை முடிவு செய்தபோது யார் இருந்தார்கள்?

பெரிய பிரச்சினை எது வந்தாலும் "பல்துறை வல்லுநர் குழு" ஒன்றைப் போட்டுவிடுகிறோம். மருத்துவர் ஒருவர், பொறியாளர் ஒருவர், பொருளாதாரம் படித்தவர் ஒருவர், கடைசி நாற்காலியில் சமூகவியல் படித்தவர் ஒருவர். ஆளுக்கோர் அத்தியாயம் எழுதுவார்கள். எல்லாம் சேர்ந்து ஓர் அறிக்கை. நானும் அப்படி ஒரு குழுவில் இருந்தேன். மற்றவர்கள் எழுதியதை அச்சில் வந்த பிறகுதான் படித்தேன். இன்றும் அது உறுத்துகிறது.

என் ஆதங்கம் இதுதான்: மற்ற துறைக்காரர்களை விடை தேடத்தான் கூப்பிடுகிறோம். கேள்வி என்ன என்று முடிவு செய்யும்போது கூப்பிடுவதில்லை.

வங்கதேசத்துக் குழாய்க்கிணறுகளைப் பாருங்கள். 1970களில் அங்கே குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்த குழந்தைகள் வயிற்றுப்போக்கில் இறந்துகொண்டிருந்தார்கள். கிருமி இல்லாத தண்ணீர் எங்கே கிடைக்கும்? நிலத்தடியில். யுனிசெஃப் துணையோடு அரசு குழாய் இறக்கியது, பின்னர் மக்களே சொந்தக் காசில் லட்சக்கணக்கில் இறக்கிக்கொண்டார்கள். கேட்ட கேள்விக்கு அது சரியான விடைதான். ஆனால் ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டலில் இயற்கையாகவே ஆர்சனிக் என்ற நஞ்சு இருந்தது. ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் அது இரும்புத் துகள்களை விட்டுப் பிரிந்து நீரில் கரைகிறது. நிறம், மணம், சுவை எதிலும் தெரியாது. அன்றைய வழக்கமான நீர்ப் பரிசோதனையில் ஆர்சனிக் இடம்பெறவில்லை. 1993இல்தான் அங்கே கிணற்று நீரில் அது உறுதியானது. 12.5 கோடி மக்களில் 3.5 கோடி முதல் 7.7 கோடி பேர் வரை ஆபத்தில் இருக்கிறார்கள் என்று 2000இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழ் எழுதியது.

அடுத்து நடந்ததையும் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, நஞ்சுள்ளவற்றுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். வேதியியலின் வேலை அதோடு முடிந்தது. ஆனால் பச்சைக் கிணறு பக்கத்து வீட்டு முற்றத்தில் இருந்தால்? தண்ணீர் எடுப்பது பெண்கள். தினமும் குடத்தோடு இன்னொருவர் வாசலில் போய் நிற்க வேண்டும். அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இருக்க வேண்டும், தூரமும் கட்டுப்படியாக வேண்டும். பலர் மாறினார்கள், பலர் சிவப்புக் கிணற்றையே தொடர்ந்தார்கள். பெயிண்ட் வாங்கும் முன்பே அந்தப் பெண்களிடம் பேசியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2014இல் கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் எபோலா பரவியபோதும் இதே கதைதான். இறந்தவர் உடலிலிருந்து நோய் தொற்றும் என்பதால், உடலை எவ்வளவு சீக்கிரம் அப்புறப்படுத்துவது என்பதே கேள்வியாக இருந்தது. உடலைக் குளிப்பாட்டி அனுப்புவதைக் கடமையாக நினைத்த குடும்பங்கள் நோயாளிகளை ஒளித்தன, இரகசியமாக அடக்கம் செய்தன. மானுடவியலாளர்களும் மதத் தலைவர்களும் பேச்சில் சேர்ந்த பிறகு கேள்வியே மாறியது: தொற்றும் பரவாமல், மரியாதையும் குறையாமல் எப்படி வழியனுப்புவது? அந்த நவம்பரில் வந்த புதிய அடக்க நெறிமுறையில் குடும்பத்துக்கும் பிரார்த்தனைக்கும் இடம் இருந்தது.

ஹார்ஸ்ட் ரிட்டல், மெல்வின் வெப்பர் என்ற பேராசிரியர்கள் இருவர் 1973இலேயே இதை எழுதிவிட்டார்கள். சமூகத் திட்டமிடலில் வரும் சிக்கல்களை அவர்கள் பொல்லாத பிரச்சினைகள் என்றார்கள். பிரச்சினை இன்னதென்று வரையறுப்பதே அங்கே பிரச்சினை, ஒவ்வொரு முயற்சியும் அழிக்க முடியாத தடத்தை விட்டுச்செல்லும் என்பது அவர்கள் வாதம். ஒரு தலைமுறையே குழாய்க்கிணற்றுக்குப் பழகிவிட்ட பிறகு, பழைய நிலைக்கு எப்படித் திரும்புவது?

"குழந்தைகள் இறந்துகொண்டிருக்கும்போது எல்லாரையும் உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருக்க முடியுமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அன்று ஒரு நிலவியலாளர் உடனிருந்தாலும் ஆர்சனிக்கை ஊகித்திருப்பார் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் "இந்த வண்டல் எந்த மலையிலிருந்து வந்தது, அதில் என்னென்ன இருக்கும்?" என்று கேட்க ஓர் ஆள் இருந்திருப்பார். அதைக் கேட்க ஒரு நிமிடம் கூட ஆகாது.

இனி என்னை எந்தக் குழுவுக்குக் கூப்பிட்டாலும், கேள்வி ஏற்கெனவே எழுதி முடிந்துவிட்டதா என்றுதான் முதலில் கேட்கப்போகிறேன்.