மூடிய கதவிலிருந்து தொடங்குங்கள்

வீட்டில் ஏற்கனவே ஒரு பூனை இருக்கும்போது புதிய பூனை ஒன்றைக் கொண்டுவந்தால், இரண்டையும் ஒரே அறையில் விட்டால் போதும், சண்டை பிடித்துத் தாமாகவே பழகிவிடும் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. இதை நான் கடுமையாக மறுக்கிறேன். முதல் சண்டையில் ஏற்படும் பயம் மாதக்கணக்கில் போகாமல் இருக்கலாம்.

புதிய பூனையைத் தனி அறையில் வையுங்கள். உணவு, தண்ணீர், மலசலம் கழிக்க மண் நிரப்பிய தட்டு எல்லாம் அங்கேயே இருக்கட்டும். பூனைகள் ஒன்றையொன்று அறிவது முதலில் மணத்தால்தான். அவற்றின் கன்னத்தில் மணச் சுரப்பிகள் இருக்கின்றன. கதிரைக் காலிலும் நம் காலிலும் முகத்தை உரசுவது அதனால்தான். ஒரு பழைய துவாயால் ஒன்றின் கன்னத்தைத் தடவி, மற்றதன் சாப்பாட்டுத் தட்டருகே போடுங்கள். பிறகு மூடிய கதவின் இருபுறமும் ஒரே நேரத்தில் சாப்பாடு கொடுங்கள். முள் நீக்கிய அவித்த சூடை மீன் என்றால் எங்கள் திருகோணமலைப் பூனைகள் கதவடிக்கு வராமல் இருக்குமா!

இங்கே பல வீடுகளில் அறைவாசலில் திரைச்சீலை மட்டுமே தொங்கும். அது போதாது. தச்சரிடம் சொல்லிக் கம்பிவலை அடித்த மரச்சட்டம் ஒன்று செய்துகொள்ளுங்கள். ஒன்றையொன்று பார்த்துப் பழகும் கட்டத்துக்கும் அதுவே உதவும்.

சீறினால் தயவுசெய்து அடிக்காதீர்கள். அது தள்ளி நில் என்ற எச்சரிக்கை, அவ்வளவுதான். காதை மடக்கி, அசையாமல் உற்றுப் பார்த்தால்தான் ஆபத்து. அப்போது இடையில் ஓர் அட்டையை வையுங்கள், கையை நீட்ட வேண்டாம். கடிபட்டால் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவி, உடனே வைத்தியசாலைக்குப் போங்கள், விசர்நோய் விளையாட்டல்ல.

இரண்டு பூனைகளுக்கு மூன்று மண் தட்டுகள் வேண்டும், அவையும் வேறு வேறு இடங்களில்.