ஓடுகளைப் பிரித்த பிறகுதான் சொல்வீர்களா?

பாதிக் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டு, மேலே நின்றபடியே கான்ட்ராக்டர் சொல்கிறார்: "சார், உள்ளே மரமெல்லாம் உளுத்துப் போயிருக்கு. அதுக்குத் தனியா ஆகும்." வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. தலைக்கு மேல் ஓடு இல்லை. சரி என்பதைத் தவிர நான் என்ன சொல்ல முடியும்? அது அவருக்கும் தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல்.

ஏணி போட்டு நானே ஏறிப் பார்த்தேன். கூரையைச் சரிவாகத் தாங்கும் கைமரத்தின் பக்கவாட்டில் பெயின்ட் கொஞ்சமும் உரியவில்லை. ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினால் பிடி வரை இறங்குகிறது. நெம்பினால் சின்னச் சின்னக் கட்டங்களாக வெடித்த பழுப்பு மரம் பெயர்ந்து வருகிறது, விரலால் நசுக்கினால் பொடி. இரண்டு சரிவுகள் சேரும் பள்ளத்தில் பதித்த தகரம் துருப்பிடித்து ஓட்டையாகி, ஒவ்வொரு மழைக்கும் அந்த ஒரே இடத்தில் சொட்டியிருக்கிறது.

இது ஒரு நாளில் நடந்ததா? ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள் இருக்கும் மரத்தை, இப்படி மக்க வைக்கும் பூஞ்சை அண்டாது. காயவே விடாமல் நனைந்துகொண்டே இருந்தால்தான் இந்தக் கதி. கொட்டேஷன் போட வந்த அன்று இவர் பரண்மேல் ஏறி டார்ச் அடித்திருந்தால் நீர்க்கறை தெரிந்திருக்கும். இறவாரத்திலும் பள்ளத்துக்கு அடியிலும் நாலு இடத்தில் குத்திப் பார்த்திருக்கலாம். தரையில் நின்று நீள அகலம் அளந்துவிட்டுப் போய்விட்டார்!

பிரித்தால்தான் தெரியும் என்கிறார். சில இடங்கள் அப்படித்தான், ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் கைமரம் அடிக்கு இவ்வளவு, ஓடு உட்காரும் ரீப்பர் சட்டம் அடிக்கு இவ்வளவு என்று முன்பே எழுதித் தர வேண்டியதுதானே? மாற்றுவதற்கு முன் போட்டோ எடுத்துக் காட்ட வேண்டியதுதானே? மழை வரும் நேரத்தில் வாய்க்கு வந்த தொகையைச் சொல்வது என்ன நியாயம்?

இதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். மக்கிய மரத்தை வெட்டி எடுக்காமல், பக்கத்திலேயே புதுத் துண்டை வைத்து ஆணி அடித்துவிட்டு, அந்த ஓட்டைத் தகரத்தையே திரும்பப் போடப் பார்த்தார்கள். அப்போதுதான் கத்திவிட்டேன். நல்ல மரம் வரும் வரை வெட்ட வேண்டும், புதுத் தகரம் வர வேண்டும், அதுவரை ஒரு ஓடுகூட ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டேன். இப்போது மேலே தார்ப்பாய் படபடக்கிறது. ஒவ்வொரு காற்றுக்கும் எழுந்து போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.