சாண்டர்ஸ் ஆதரவாளர்கள் கூட்டமாக டிரம்ப் பக்கம் போனார்களா?

2016 அமெரிக்க அதிபர் தேர்தலில், ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் போட்டியில் ஹிலாரி கிளிண்டனிடம் தோற்ற பெர்னி சாண்டர்ஸின் ஆதரவாளர்களில் பெரும்பாலோர் கோபத்தில் டிரம்ப்புக்கு ஓட்டுப் போட்டதாக ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய பெரிய வாக்காளர் ஆய்வின்படி, அப்படிப் போனவர்கள் சுமார் 12 சதவீதம்தான். பெரும்பாலோர் ஹிலாரிக்கே வாக்களித்தார்கள். 2008இல் அதே கட்சியின் வேட்பாளர் போட்டியில் ஒபாமாவிடம் தோற்ற ஹிலாரியின் ஆதரவாளர்கள் குடியரசுக் கட்சி வேட்பாளர் மெக்கெய்ன் பக்கம் போன அளவு இதைவிட அதிகம் என்றே கணிப்புகள் காட்டின. அதை யாரும் கிளறுவதில்லை!

சரி, 12 சதவீதம் அற்பமா? இல்லை. மிச்சிகன் மாநிலத்தில் டிரம்ப் வென்றதே 10,704 வாக்கு வித்தியாசத்தில்தான். ஆனால் அப்படி மாறிப் போட்டவர்களில் பலர் ஜனநாயகக் கட்சியோடு ஒட்டாதவர்கள், ஒபாமா ஆட்சியே பிடிக்காதவர்கள்.